சென்னை வீட்டுக்குக் கரையான் புற்று முறை பொருந்துமா?

வணக்கம். ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் ஈஸ்ட்கேட் கட்டடத்தைப் போல, கரையான் புற்று பாணியில் காற்றுக்குழாய்கள் வைத்து, ஏசி இல்லாமல் சென்னையில் வீடு கட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வரைபடத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள்.

கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் புகழில் பாதி ஹராரேக்கே சேர வேண்டியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. பகலில் வெயில் அடித்தாலும் இரவு நன்றாகக் குளிர்ந்துவிடும். அந்த இரவுக் காற்றை மின்விசிறிகள் உள்ளே இழுத்து, கனத்த கான்கிரீட்டைக் குளிர வைக்கின்றன. மறுநாள் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை அந்தக் கான்கிரீட் வாங்கிக்கொள்கிறது. (ஆம், மின்விசிறிகள் உண்டு. எல்லாம் தானாகவே நடக்கிறது என்பது மிகைப்பேச்சு.) சென்னையில் மே மாத இரவே 28 டிகிரியை ஒட்டி நிற்கும்போது கான்கிரீட் எதைக் கொண்டு குளிரும்? புழுக்கம் வேறு.

புற்றுக்குள் வெப்பம் ஒரே அளவில் நிற்கிறது என்ற பழைய விளக்கமும் ஆட்டம் கண்டுவிட்டது. ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் ஆகியோரின் ஆய்வுப்படி, கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. புற்று செய்வது நுரையீரலின் வேலை, அதாவது காற்றுப் பரிமாற்றம்.

உங்களுக்கு நான் சொல்வது: மேற்குச் சுவருக்கு நிழல், மொட்டைமாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ், கடற்காற்று வரும் கிழக்கிலும் அதற்கு எதிரிலும் பெரிய சன்னல்கள். மனை, இரவு குளிரும் ஓசூரில் என்றால் குழாய்களைப் பற்றி யோசிக்கலாம். வீடு எந்தத் திசை பார்த்தது, எத்தனை மாடி என்று எழுதுங்கள்.