தொலைநோக்கியில் நெபுலாவும் (விண்வெளி வாயு, தூசு மேகம்) கேலக்ஸியும் (விண்மீன் பேரடை) உண்மையில் எப்படித் தெரியும்? ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து பார்க்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

படத்தில் வருவது போல் தெரியாது. இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால்தான் ஆசையாக வாங்கிய எத்தனையோ தொலைநோக்கிகள் சில மாதங்களில் பரணுக்குப் போய்விடுகின்றன. சிவப்பும் நீலமும் குழைந்த மேகங்களை எதிர்பார்த்துக் கண்ணை வைப்பவருக்குச் சாம்பல் நிறத்தில் மங்கலான திட்டு ஒன்றுதான் கிடைக்கும். அந்தத் திட்டைப் பார்க்கத்தான் அமாவாசையை ஒட்டிய வார இறுதிகளில் ஜவ்வாது மலைக்குப் போகிறேன். நீங்களும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஏன் நிறம் தெரிவதில்லை? நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கிய ஒளியில் வேலை செய்பவை கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஓரியன் நெபுலா படங்களில் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜன் உமிழும் ஒளி. கோல் செல்களுக்கு அந்தச் சிவப்பு ஏறக்குறைய தெரியவே தெரியாது. அவற்றின் கூர்மையெல்லாம் 500 நானோமீட்டரை ஒட்டித்தான். அதே நெபுலாவில் ஆக்சிஜன் உமிழும் ஒளியும் அங்கேதான் விழுகிறது. நாம் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஆக்சிஜனின் ஒளியை. அதனால்தான் நல்ல இருட்டில் சிலருக்கு ஓரியன் நெபுலாவில் லேசான பச்சைச் சாயல் தென்படுகிறது. கேமரா பல நிமிடங்கள், பல மணி நேரம் ஒளியைச் சேர்த்து வைக்கிறது. கண்ணோ ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மேல் எதையும் சேர்த்து வைப்பதில்லை.

இன்னொரு செய்தி பலருக்கும் வியப்பாக இருக்கும். விண்மீன் என்றால் தொலைநோக்கி அதன் பிரகாசத்தைக் கூட்டிக் காட்டும். என் தொலைநோக்கியில் இருக்கும் 8 அங்குல ஆடி (ஒளியைக் குவிக்கும் கண்ணாடி), நன்றாக விரிந்த கண்மணியைவிடச் சுமார் 800 மடங்கு ஒளியைச் சேகரிக்கிறது. ஆனால் நெபுலா, கேலக்ஸி போன்ற பரந்த பொருள்களின் பரப்புப் பிரகாசத்தை, அதாவது அவற்றின் ஒரே அளவு பரப்பு எவ்வளவு ஒளிர்கிறது என்பதை, எந்தத் தொலைநோக்கியாலும் வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்கு மேல் உயர்த்த முடியாது. அது செய்வதெல்லாம் உருவத்தைப் பெரிதாக்குவதுதான். பெரிதான மங்கலைக் கண் எளிதில் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பின்புல வானம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பதே முக்கியம். சென்னையில் மொட்டை மாடியில் நின்று 12 அங்குலத் தொலைநோக்கியில் தேடியும் அகப்படாத ஒரு கேலக்ஸி, மலையில் அதைவிடச் சிறிய கருவியிலேயே தெரிந்துவிடும்.

ஜவ்வாது மலையை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு முன்னோடி உண்டு. அதே மலையில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இந்திய வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வட வானத்தையும் தென் வானத்தையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம் என்பது அந்த இடத்தின் பெரிய பலம். பெரிய ஆய்வகத்துக்குக் கிடைத்த அதே வானம், பக்கத்தில் சாமை அறுவடை முடிந்த மேட்டு நிலத்தில் நிற்கும் நமக்கும் கிடைக்கிறது.

என் கருவி டாப்சோனியன் வகை. மரப்பெட்டிபோன்ற தாங்கியில் உட்கார்ந்திருக்கும் எளிய பிரதிபலிப்புத் தொலைநோக்கி அது. மோட்டார் இல்லை, கையால்தான் தள்ள வேண்டும். இந்த அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, அட்டைக் குழாயில் பொருத்தி, தெருவோரத்தில் நின்று போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலவைக் காட்டியவர். என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களிடமும் இன்று இவ்வளவு பெரிய ஆடி இருக்கிறதென்றால் அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மனமார்ந்த நன்றியோடு இதை எழுதுகிறேன்.

இனி இரவுக்கு வருவோம். மார்ச் மாதத்து இரவு ஒன்றைச் சொல்கிறேன். அக்கா மகளும் உடன் வந்திருந்தாள். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். பொழுது இருக்கும்போதே தொலைநோக்கியை வெளியில் வைத்துவிட்டோம். பகலில் சூடேறிய ஆடி காற்றின் வெப்பநிலைக்கு இறங்காவிட்டால் பிம்பம் நெளிந்துகொண்டே இருக்கும். இருட்டிய பிறகு சிவப்பு விளக்கு மட்டும்தான். கோல் செல்களுக்குச் சிவப்பு உறைக்காது என்று மேலே சொன்னது இங்கே நமக்கு உதவுகிறது. கண் இருளுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் ஒரே ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

மேற்கே சாயத் தொடங்கியிருந்த ஓரியன் நெபுலாவில் ஆரம்பித்தோம். திருவாதிரைக்கும் கீழே, ஓரியன் என்னும் வேடனின் இடைவாளில் இருப்பது. நடுவில் ட்ரபீசியம் என்னும் நான்கு இளம் விண்மீன்கள் ஊசிமுனையாக நிற்க, இருபுறமும் சிறகு விரித்து ஒளி பரவிக் கிடந்தது. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. நகரத்து வானத்திலும் தெரியும்.

நள்ளிரவை நெருங்கும்போது தெற்கே தாழ்வாக இருந்த கரினா நெபுலாவுக்குத் திருப்பினேன். அதற்குள் இருக்கும் ஈட்டா கரினே 1843இல் வெடித்துப் பொங்கி, சில காலம் வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான விண்மீனாக நின்றது. அதிக உருப்பெருக்கத்தில் அது புள்ளியாக இல்லாமல், ஆரஞ்சு நிறத்தில் சற்றே உப்பிய சிறு உருவமாகத் தெரியும். அன்று வெடித்து வெளியேறிய பொருள்தான் அது. இவ்வளவு நேரடியாகக் கண்முன் தெரியும் வரலாறு வானத்தில் மிகக் குறைவு.

அடுத்து கன்னி ராசி. அங்கே இருக்கும் கேலக்ஸிக் கூட்டத்தில் எம் 87ஐக் காட்டினேன். எம் என்பது, மங்கலான வான்பொருள்களைப் பட்டியலிட்ட பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியேவின் பெயரைக் குறிக்கும்.

"மாமா, வெறும் வட்டமாக அல்லவா இருக்கிறது?" என்றாள்.

"ஆமாம்மா, வட்டம்தான். 2019இல் கருந்துளையின் முதல் படம் என்று வெளியிட்டார்களே, அது இந்த வட்டத்தின் நடுவில்தான் இருக்கிறது" என்றேன்.

சூரியனைப் போல் 650 கோடி மடங்கு நிறை கொண்ட கருந்துளை. நம் கண்ணில் விழும் ஒளி அங்கிருந்து கிளம்பிச் சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவள் அதன் பிறகு வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்திலேயே எம் 84, எம் 86 இருக்கும் பகுதிக்கு நகர்த்திக் கொடுத்தேன். நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கச் சொன்னேன். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் செல்களே இல்லாததால், மங்கிய பொருள் ஓரப் பார்வைக்குத்தான் அகப்படும். இரண்டு என்றாள், பிறகு மூன்று, சிறிது நேரம் கழித்து ஐந்து. பொருள்கள் மாறவில்லை, கண் தேறிக்கொண்டிருந்தது. ஒரு முழு இரவு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்காகத்தான். முதல் மணி நேரத்தில் "ஒன்றும் இல்லை" என்று தோன்றிய இடத்தில் மூன்றாம் மணி நேரத்தில் கறுப்புக் கோடும் விளிம்பும் மையமும் பிரிந்து தெரிகின்றன. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நகர்பவருக்கு இது கிடைக்காது.

இரண்டு மணியளவில் ஒமேகா சென்டாரி தெற்கே உச்சிக்கு வந்தது. இது கோளக் கொத்து. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் சேர்ந்த உருண்டை. இருண்ட வானத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கலான விண்மீனாகத் தெரியும். பழங்கால வானியலாளர் தாலமி அதை விண்மீன் என்றே பட்டியலில் சேர்த்தார். அது விண்மீன் அல்ல என்பதை 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து ஆங்கிலேய வானியலாளர் ஹாலி பதிவு செய்தார். 48 மடங்கு உருப்பெருக்கத்தில் கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டியது போல விளிம்பிலிருந்து நடு வரை தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிந்து நிற்கும். எந்தப் படமும் இந்த இடத்தில் கண்ணுக்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். படத்தில் நடுப்பகுதி வெளுத்துவிடும் அல்லது விளிம்பு மங்கிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

நாம் ஏன் இதைக் கொண்டாட வேண்டும் என்றால், புகழ்பெற்ற மெஸ்ஸியே பட்டியலில் ஒமேகா சென்டாரி இல்லை. மெஸ்ஸியே பாரிஸிலிருந்து பார்த்தவர். அங்கே இது தொடுவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. ஜவ்வாது மலையில் 30 பாகை (டிகிரி) உயரம் வரை ஏறுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட கையேடுகளை வைத்துக்கொண்டு வடக்கே உள்ள எம் 13 கொத்தைத் தேடி அலையும் நம் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய, அழகான கொத்து முதுகுக்குப் பின்னால் தெற்கே நிற்கிறது.

ஒமேகா சென்டாரிக்கு நேர் மேலே, நான்கரைப் பாகை தள்ளி, என்ஜிசி 5128 என்னும் கேலக்ஸி. 1826இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்டறிந்தது. சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரம். உருண்டையான மங்கல் ஒளியைக் குறுக்காக ஒரு கருநிறப் பட்டை வெட்டிச் செல்கிறது, அது தூசு. ஓரப் பார்வையில் அந்தப் பட்டை பிடிபட எனக்கு எப்போதும் சில நிமிடங்கள் ஆகும்.

விடியலுக்கு முன் விருச்சிகமும் பால்வீதியின் மையமும் எழுந்துவிடும். அங்கே தொலைநோக்கியை விட்டுவிட்டு பைனாகுலரோடு பாயில் மல்லாந்து படுத்துக்கொள்வதே சிறந்தது.

நீங்கள் முதன்முதலாகப் போவதாக இருந்தால் ஜனவரி முதல் மே வரை வானம் பெரும்பாலும் ஒத்துழைக்கும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் சில நாள்கள். தொலைநோக்கி உடனே வேண்டாம், 10x50 பைனாகுலர் போதும். மே நடுவில் இரவு பத்து மணிக்குச் சித்திரை நட்சத்திரம் தெற்கு நோக்கி உச்சத்தில் நிற்கும். கையை நீட்டி, மடக்கிய முட்டி ஒன்றைப் பத்துப் பாகை என்று கொண்டு, அங்கிருந்து நேர் கீழே மூன்றரை முட்டி இறங்குங்கள். அங்கே பஞ்சு படிந்தாற்போல் விளிம்பு கலைந்த ஒரு விண்மீன் இருந்தால், அதுதான் ஒமேகா சென்டாரி.