விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸுக்கு மாறினால் டைப்பிங் கடை வேலைக்குச் சரிப்படுமா?

கேள்வி கேட்டவர் தன் கடையிலிருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-ஐ ஏற்காததால், புது மெஷின் வாங்குவதா, அதிலேயே விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு ஓட்டுவதா என்று குழம்பியிருக்கிறார். நானும் அதே தொழில்தான். தக்கலையில் பத்திரம், மனு, பயோடேட்டா அடித்துக் கொடுத்து, ஜெராக்ஸும் எடுக்கிற சின்னக் கடை.

சுருக்கமாகச் சொன்னால், சரிப்படும். ஆனால் எல்லா மெஷினையும் மாற்றிவிடாதீர்கள். எங்கள் கடையில் மூன்று மெஷினில் இரண்டு லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை), ஒன்று விண்டோஸ். அந்த ஒன்று ஏன் அப்படியே இருக்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ நான்காம் தலைமுறை ஐ3. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். ஆதரிக்கப்படாத மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்டே உத்தரவாதம் தருவதில்லை. ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பத்திரமும் கிடக்கிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

லினக்ஸில் எது என்று கேட்டால், கடைக்கு மின்ட் போதும். உபுண்டுவை அடித்தளமாக வைத்துச் செய்தது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் 7 பார்த்த கண்ணுக்குப் பழக்கமான அமைப்பு. 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள், 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பு நன்றாக இருக்கும். கூடவே, பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள். "லினக்ஸ் போட்டேன், பறக்குது" என்று எழுதுகிறவர்களில் பலர் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்தே மாற்றியிருப்பார்கள், அதைச் சொல்ல மாட்டார்கள். வேகத்தில் பெரும்பங்கு எஸ்எஸ்டியுடையது.

பழகிக்கொள்வது கஷ்டமா என்பதில் எனக்கும் பயம் இருந்தது. அதைப் போக்கியவன் என் அக்கா மகன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது பாறசாலையில். களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் என்று 2001-இல் தொடங்கி, இப்போது கைட் என்ற பெயரில் நடக்கிற திட்டத்தில், பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள், பரீட்சையும் அதில்தான். விடுமுறைக்கு வந்தவன் திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, இது எங்க ஸ்கூல்ல உள்ளது மாதிரிதானே" என்று உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டான். நம் பக்கமும் முயற்சி இல்லாமல் இல்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால், மெஷின் ஆன் ஆகும்போது வரும் பட்டியலில் அது ஒரு வரியாகவே கிடந்தது. நான் பார்த்த லேப்டாப்களில் அந்த வரியைத் தொட்டவர்கள் குறைவு.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். டைப்பிங் கடைக்காரனுக்கு உண்மையான தலைவலி தமிழ்தான். அதில் மூன்று முடிச்சு உண்டு.

முதலாவது, பழைய ஃபைல்கள். நம் கடைகளில், எந்த மெஷினிலும் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறை வருவதற்கு முன் அடித்ததெல்லாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். பாமினியில் நாம் 'அ' என்று பார்ப்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஆங்கில எம் எழுத்துதான், மேலே தமிழ் வடிவம் வரைந்த முகமூடி மட்டும் போட்டிருக்கிறது. அந்த எழுத்துரு ஃபைலை லினக்ஸில் நிறுவிவிட்டால், வேர்டுக்குப் பதிலாக அங்கே இருக்கும் லிபர்ஆஃபிஸ் பெரும்பாலும் சரியாகவே காட்டும். நிறுவவில்லை என்றால் பக்கம் முழுக்க ஆங்கிலக் குப்பை. இதைப் பார்த்துத்தான் பலர் "லினக்ஸில் தமிழ் வராது" என்று முடிவு கட்டுகிறார்கள். யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் உண்டு. ஆனால் மூல ஃபைலில் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், மாற்றி அதையும் தமிழென்று நினைத்து உருட்டிவிடும். ஆங்கிலத்தில் எழுதிய இன்ஷியல், வீட்டுப் பெயர் எல்லாம் போச்சு. பத்திரத்தில் ஒரு இன்ஷியல் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் பழைய ஃபைல்களை மொத்தமாக மாற்றாதீர்கள். மூலம் அப்படியே கிடக்கட்டும். தேவைப்படும் ஃபைலை மட்டும் மாற்றி, வரிவரியாக ஒத்துப் பாருங்கள். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல்களையோ விண்டோஸ் மெஷின் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கி எடுத்துவைத்துவிடுங்கள்.

இரண்டாவது, விசைப்பலகை. எங்கள் கடையில் டைப் அடிக்கும் அக்கா இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் முடித்தவர். விரல் பழைய டைப்ரைட்டர் முறையில்தான் ஓடும். நான் மாற்றப்போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, நீ என்னத்த வேணும்னாலும் போடு. விசை மாறாம இருந்தாப் போதும்." மாறவில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதனோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால், தமிழுக்குக் கீழே தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் என்று விசை முறைகள் எல்லாம் வரிசையாக வரும். டைப்ரைட்டர் முறையில் அடித்தாலும் விழுவது யூனிகோடு. இதுவரை பாமினியில் மட்டும் அடித்தவர் அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒட்டக்கூடிய தமிழை அடிக்கிறார், அதே விரலில். தமிழ்99 பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மின்ட்டின் விசைப்பலகை அமைப்பிலேயே நேரடியாகத் தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் தமிழ் வரும், ஆனால் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் தானாகப் புள்ளி விழுகிற வசதி வராது. அந்த வசதிக்கு ஐபஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, பக்க அளவு. இது யாரும் சொல்லித்தராதது. வேர்டில் லதா எழுத்துருவில் அடித்த ஃபைலை லிபர்ஆஃபிஸில் திறந்தால், லதா இல்லாததால் நோட்டோ அல்லது லோகித் எழுத்துரு வந்து உட்காரும். அகலம் வேறு, வரி உயரம் வேறு. நாலு பக்கத்தில் முடிந்தது ஐந்தாம் பக்கத்துக்கு இரண்டு வரி தள்ளும். முத்திரைத்தாளில் மேல்பகுதியை விட்டுவிட்டு அளந்து அடிக்கிற நமக்கு இது சின்ன விஷயமில்லை. இன்னொன்றும் உண்டு. லிபர்ஆஃபிஸ் தமிழுக்கு ஒரு எழுத்துருவும் அளவும், ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் வேறு எழுத்துருவும் அளவும் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளும். அதனால் ஒரே வரியில் ரீசர்வே நம்பர் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் தெரிந்தால் பதற வேண்டாம். எழுத்துரு அமைப்புக்குள் போய் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, அதையே டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிடுங்கள். நான் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் மருதம் எழுத்துருவை எல்லா மெஷினிலும் போட்டு, புதிதாக அடிப்பதையெல்லாம் அதிலேயே அடிக்கச் சொல்லிவிட்டேன். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே எழுத்துரு இருந்தால் பக்கம் அவ்வளவாக ஓடாது. வெளியே அனுப்புவது எதுவானாலும் பிடிஎஃப்.

பிரின்டர் விஷயத்தில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் வேண்டும். வலைப்பின்னலில் இணைகிற புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் தனி டிரைவரே, அதாவது பிரின்டரை ஓட்டும் மென்பொருளே, இல்லாமல் வேலை செய்கின்றன. ஹெச்பிக்கு ஹெச்பிலிப் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் நன்றாகவே ஓடுகிறது. தொல்லை தருவது, நம் கடைகளில் நிறைய இருக்கிற மலிவான பழைய லேசர் பிரின்டர்கள். அவற்றில் சிலவற்றுக்குப் பக்கத்தைத் தானாக வரையும் அறிவு கிடையாது. கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர்தான் புள்ளிபுள்ளியாக வரைந்து அனுப்ப வேண்டும். கம்பெனி லினக்ஸுக்கு ஒழுங்கான டிரைவர் தராவிட்டால் கதை முடிந்தது. எங்களிடம் இருந்ததும் அந்த ரகம். இணையத்தில் சொன்ன வைத்தியமெல்லாம் செய்து பார்த்தேன், ஒரு பக்கம் அடித்துவிட்டு மறுபக்கம் மௌனம். கடைசியில் அதை விண்டோஸ் மெஷினிலேயே விட்டுவிட்டு, எல்லா மெஷினுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்தேன். லினக்ஸில் அடித்து பிடிஎஃப் ஆக்கி அதில் போட்டால், விண்டோஸிலிருந்து எடுத்து அடித்துக்கொள்ளலாம். அழகான வழி இல்லை, ஆனால் வரிசையில் நிற்பவருக்குக் காகிதம் கிடைத்தால் போதும்.

இப்போது அந்த விண்டோஸ் மெஷினைப் பற்றி. கணக்கு எழுதும் டேலி விண்டோஸில் ஓடுவதற்காகச் செய்தது. ஆதாருக்கு விரல்ரேகை எடுக்கும் சின்னக் கருவிகளுக்கான மென்பொருளையும் கம்பெனிகள் முக்கியமாக விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் தருகின்றன. ஆடிட்டர் வேலைக்கு வருகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களில் சிலது லினக்ஸில் வேலை செய்யும், சிலது செய்யாது. கையிலிருப்பதைச் செருகிப் பார்த்தால்தான் தெரியும். வைன் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் கவுன்டரில் ஆள் நிற்கும்போது அந்த ஆராய்ச்சி செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. ஃபிளெக்ஸ், கல்யாணக் கார்டு டிசைன்தான் பிழைப்பு என்றால் கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் இல்லாமல் முடியாது. லினக்ஸில் கோரலுக்குப் பதிலாக இருக்கும் இங்க்ஸ்கேப் நல்ல கருவிதான், கோரல் ஃபைலையும் ஓரளவு திறக்கும். ஆனால் நாகர்கோவில் பிரஸ்ஸுக்கு அனுப்பினால் அவர் திருப்பிக் கேட்பது கோரல் ஃபைலைத்தான். அப்படிப்பட்ட கடைக்காரர் மாற வேண்டாம், புது மெஷினே வாங்குங்கள்.

பிரவுசரில் நடக்கிற வேலைகளுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வில்லங்கச் சான்று, பட்டா பார்ப்பது, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் முன்போலவே.

ஒரே மெஷினில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டு லேப்டாப்பில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரிப்பதற்கு முன், அதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் பக்கம் வந்தால் விண்டோஸ் டிரைவில் எதையும் எழுத விடாது. அப்புறம் கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டும். பேட்டரி போய்விட்டது என்று கடைக்காரர் புது பேட்டரி விற்றுவிடுவார், ஏமாறாதீர்கள். லினக்ஸ் மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று படிக்கும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும்.

மாறுவதென்று முடிவு செய்தால் நேராக நிறுவிவிடாதீர்கள். 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் மூலம் எழுதி, அதிலிருந்தே மெஷினை ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் எதையும் தொடாது. கடை லீவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பிரின்டர், ஸ்கேனர், டோக்கன் எல்லாவற்றையும் செருகி, உங்களிடம் உள்ளதிலேயே சிக்கலான பாமினி பத்திரம் ஒன்றைத் திறந்து, ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் மெதுவாகத்தான் இருக்கும், வேகத்தை அப்போது எடைபோட வேண்டாம். வைஃபை கிடைக்காவிட்டால் போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள், நெட் வந்துவிடும். அதற்குப் பிறகு டிரைவர் மேலாளரைத் திறந்தால் வைஃபைக்கான டிரைவர் இருந்தால் அதுவே காட்டும். உங்களிடம் உள்ள பிரின்டர் மாடலைக் கமென்ட்டில் போடுங்கள், தெரிந்தால் சொல்கிறேன்.