மதுர் கேன்டீன்

கேள்வி: டாக்கா பல்கலைக்கழகத்தின் மதுர் கேன்டீனை மாணவர் அரசியலின் தாய்வீடு என்று போற்றுகிறார்களே, தேநீர் விற்ற கடைக்கு இத்தனை பெருமை எதற்கு? படிக்க வந்த பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்த இடந்தானே அது?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: அந்தக் கடைக்காரர் எப்படி இறந்தார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வங்கதேசம் கிழக்கு பாகிஸ்தானாக இருந்த காலம் அது; 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்கா பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து, ஜகந்நாத் விடுதி மாணவர்களைச் சுட்டுக் கொன்றது. மறுநாள், அருகே குடியிருந்த கேன்டீன்காரர் மதுசூதன் தேயின் வீட்டுக்கே சென்று, அவரையும் அவருடைய மனைவியையும் மகனையும் புதிதாக வந்த மருமகளையும் கொன்றது. தேநீரும் தின்பண்டமும் விற்றுப் பிழைத்த ஒருவரை ராணுவம் ஏன் விட்டுவைக்கவில்லை?

அவர் மாணவர்களுக்குக் கொடுத்த இடந்தான் காரணம். ‘மதுதா’ (மது அண்ணன்) என்று அவர்கள் உரிமையோடு அழைத்த அவருடைய கடையில் கையில் காசில்லாதவனுக்கும் சாப்பாடு உண்டு. பாக்கியை நோட்டில் குறித்துக்கொள்வாரே தவிர, நெருக்கிக் கேட்கமாட்டார். வங்க மொழிக்கு உரிமை கேட்ட 1952 மொழிப் போராட்டக் காலத்திலிருந்து அயூப் கானின் ராணுவ ஆட்சியை எதிர்த்த 1969 மக்கள் எழுச்சி வரை, தடையுத்தரவுக்குள் கூட்டம் போட வழியில்லாத மாணவர்கள் ஒரு கோப்பைத் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார்கள். எழுந்து போகச் சொல்ல அங்கே ஆளில்லை. ஒன்றையொன்று கடுமையாக எதிர்த்த அமைப்புகள் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்ததால், நாம் சொல்வதற்குப் பக்கத்து மேசையிலிருந்து உடனே மறுப்பு வரும் என்ற எண்ணத்தோடுதான் எவரும் வாய் திறக்க வேண்டியிருந்தது. இதைவிடச் சிறந்த வகுப்பறை எது? 1971இல் கொல்லப்பட்ட பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் இடம்பெற்ற ‘உயிர்நீத்த அறிவாளர்கள்’ பட்டியலில் வங்கதேச அரசு 2024இல் அவர் பெயரைச் சேர்த்தது. அது மிகத் தாமதமாக வந்த மரியாதை என்பேன்.

படிப்பு கெட்டது உண்மை. ஆனால் கெடுத்தது கேன்டீன் அல்ல. 1990க்குப் பிறகு 2019 வரை பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவைத் தேர்தலே நடத்தப்படவில்லை. அந்த நீண்ட இடைவெளியில், எந்தக் கட்சி நாட்டை ஆண்டதோ அதன் மாணவர் அணி விடுதிகளை வளைத்துக்கொண்டது; கிராமத்திலிருந்து வந்து சேர்ந்த முதலாண்டு மாணவன் படுக்க ஓரிடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே, பாடவேளையை விட்டுவிட்டு அவர்களுடைய ஊர்வலத்தில் நடக்க வேண்டியிருந்தது. எதிரணி மாணவர்களோ பல ஆண்டுகள் மதுர் கேன்டீனில் கால்வைக்கவே முடியவில்லை. மேசைகள் பலருக்கும் பொதுவாக இருந்தவரை அது அரசியல். ஒரே அணியின் கைக்குப் போனபின் வெறும் அடாவடி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, கேன்டீன்மீது பழிபோடுவது நியாயமாகாது.

2025 செப்டம்பரில் அந்தத் தேர்தல் மீண்டும் நடந்தது. இனியாவது ஆண்டு தவறாமல் நடத்துவார்களா என்று கேளுங்கள். உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.