இரவில் எழுப்பும் முதுகுவலி

உங்கள் கடிதத்தில் ஏழு கவலைகள் இருக்கின்றன. ஆறாவதாக, போகிற போக்கில், மூன்று வாரமாக நடுமுதுகில் வலி இருப்பதாகவும், இரவில் அது தூக்கத்தைக் கலைப்பதாகவும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். இந்த வலிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்களை உண்மையில் வாட்டும் அச்சத்தைப் பேசிவிடலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் கதிர்வீச்சும் முடித்து, இப்போது நோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வரும் உங்களிடம், "புற்றுநோய் ஸ்டெம் செல்கள் எதற்கும் சாகாது, சுற்றியிருக்கும் சதையே அவற்றுக்குச் சோறு போடும், செய்த சிகிச்சையெல்லாம் வீண்" என்று ஒரு காணொளி சொல்லியிருக்கிறது. பாதி உண்மையை எடுத்துக்கொண்டு ஒரு நோயாளியை இப்படி அலைக்கழிப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

உண்மையான பாதி இது. கட்டியில் உள்ள எல்லாச் செல்களுக்கும் ஒரே திறன் கிடையாது. புதிய கட்டியை உருவாக்கும் திறனுள்ள சில செல்களைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல்கள் என்கிறார்கள். 2003இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மார்பகக் கட்டியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வகைச் செல்களில் நூறு இருந்தாலே எலியின் உடலில் புதிய கட்டி உருவாவதையும், மற்ற வகையில் பல்லாயிரம் செல்களைச் செலுத்தியும் உருவாகாததையும் காட்டினார்கள். ஆனால் அந்தத் திறன் செல்லோடு பிறந்து, என்றைக்கும் மாறாமல் இருப்பதன்று. பெருங்குடல் புற்றுநோயில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், அருகிலிருக்கும் நார்த்திசுச் செல்கள் சுரக்கும் பொருள்கள், அந்தத் திறனை இழந்துவிட்ட செல்களுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தது தெரிந்தது. நீங்கள் முதன்முதலில் விரலால் தொட்டு உணர்ந்த அந்தக் கல் போன்ற கடினம்கூடப் பெரும்பாலும் புற்றுச் செல்களால் வந்ததன்று. அவற்றைச் சுற்றி, ஆறாத காயத்தில் தழும்பு இறுகுவதுபோல இறுகிய நார்த்திசுவால் வந்தது. அத்தகைய கட்டியை ஆய்வகத்தில் வெட்டும்போது கத்தி மணலில் இழுபடுவதுபோல நறநறக்கும். அந்தத் திசுவும், அதில் குடியேறிய அழற்சிச் செல்களும், பிராணவாயு குறைந்த மூலைகளும் சேர்ந்துதான் ஸ்டெம் செல் தன்மையைக் காப்பாற்றுகின்றன.

இதிலிருந்து சிகிச்சை வீண் என்ற முடிவுக்கு எப்படி வர முடியும்? சூழலை நம்பி வாழும் செல், சூழல் குலைந்தால் தடுமாறும். கட்டியை மட்டும் தோண்டியெடுக்காமல் சுற்றியுள்ள நல்ல திசுவின் விளிம்போடு அகற்றியதும், எஞ்சிய மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்ததும், ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலைத் தடுக்க ஆண்டுக்கணக்கில் டமாக்சிஃபென் தருவதும், கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கக்கூடிய செல்களை மனத்தில் வைத்துத்தான்.

கையில் பாரம், தழும்பில் அவ்வப்போது சுருக்கென்ற குத்தல், முடி மெலிதல் ஆகியவற்றை அடுத்த பரிசோதனையின்போது சொன்னால் போதும். காப்பிக்குப் போடும் சர்க்கரை ஸ்டெம் செல்லுக்குத் தீனியாகிறது என்பதும், ஊசிப் பரிசோதனைதான் நோயைப் பரப்பியது என்பதும் வெறும் பயமுறுத்தல். மஞ்சள் மாத்திரையை மட்டும் இன்றே நிறுத்துங்கள். குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. நீங்கள் வாங்கியிருப்பது மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்து மிளகுச் சத்து சேர்த்த குர்குமின். அந்தக் கூட்டு, டமாக்சிஃபென் உடலில் மாறி வேலை செய்யும் பொருளின் அளவை இரத்தத்தில் குறைப்பதை 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. உங்களைக் காக்கும் மருந்தின் காலை, யாரையும் கேட்காமல் வாங்கிய மாத்திரையால் நீங்களே வாரிவிடலாமா?

இனி முதுகுவலி. லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, நோய் கண்ட இடத்திலெல்லாம் பரவுவதில்லை, விதைக்கு ஏற்ற நிலம் வேண்டும் என்றார். மார்பகப் புற்றுச் செல்லுக்கு அப்படி ஒத்துப்போகும் நிலங்களில் எலும்பு முக்கியமானது. முதுகுவலியில் பெரும்பாலானவை தசைப்பிடிப்புதான். உங்களுடையதும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் நோய் வரலாறு உள்ள ஒருவருக்கு, படுத்து ஓய்வெடுத்தும் குறையாமல் இரவில் எழுப்பும் வலி இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால், அது தசைப்பிடிப்பு என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கும் இல்லை, மருந்துக்கடைக்காரருக்கும் இல்லை. வலிமாத்திரை எலும்பில் நடப்பதை நிறுத்தாது. அது தெரியவரும் நாளைத் தள்ளிப்போடும், தொடர்ந்து போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இந்த வாரத்திலேயே உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். அவர் முதுகெலும்பைத் தட்டிப் பார்த்து, எம்.ஆர்.ஐ. வேண்டுமா, எலும்பு ஸ்கேன் வேண்டுமா என்று முடிவு செய்வார். அதற்குள் கால்கள் வலுவிழந்தாலோ, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இவை முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்படி நசுங்கும்போது சில மணி நேரத் தாமதம்கூட நடக்கும் திறனைப் பறித்துவிடும். போகும்போது பழைய பயாப்ஸி அறிக்கையையும், கடையில் வாங்கிய எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.