டோனா மாறினது எல்லாம் வீணா?

கேள்வி: காலத்துல முன்னயும் பின்னயும் சுத்துற வேற்றுலக டாக்டரைப் பத்தின பிரிட்டிஷ் டிவி தொடர் டாக்டர் ஹூ, அதோட நாலாவது சீசன் இப்பதான் பாத்து முடிச்சேன். கடைசியில அவர் கூடப் பயணம் பண்ற டோனாகிட்ட இருந்து அந்தப் பயண ஞாபகத்தை டாக்டரே அழிச்சிடுறாரு. சீசன் முழுக்க அவ மாறினது எல்லாம் வேஸ்ட்தானா? மனசே ஆறலை சார்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆறாதும்மா. அந்த எபிசோட் வந்தது 2008-ல, எனக்கு இன்னும் ஆறலை. ஆனா வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், டோனாகிட்ட முன்னாடியே இருந்தது எது, புதுசா வந்தது எதுன்னு பிரிச்சுப் பாக்கணும். பழைய ரோமானிய ஊர் பாம்பேய்ல நடக்குற எபிசோட்ல உலகத்தைக் காப்பாத்தணும்னா டாக்டர் அந்த லீவரை அழுத்தியே ஆகணும், அழுத்தினா எரிமலை வெடிச்சு ஊரே போயிடும், அப்ப அவர் கை மேல தன் கையையும் வச்சு அந்தப் பாவத்துல பாதியை இவ ஏத்துக்குறா. அப்புறம் ஊர் மொத்தமும் வேணாம், யாராவது ஒருத்தரையாவது காப்பாத்துன்னு அழுது கெஞ்சுறா பாருங்க, அந்த இரக்கம் டாக்டர் கத்துக்கொடுத்தது இல்ல. சொல்லப்போனா அவருதான் இவகிட்ட கத்துக்கிட்டாரு.

இவளுக்குப் புதுசா கிடைச்சது வேற. லண்டன் சிஸ்விக்ல டெம்ப் வேலை, அதாவது தற்காலிக ஆபீஸ் வேலை பாக்குற பொண்ணு, வீட்ல அம்மா சில்வியா எப்பப் பாத்தாலும் மட்டம் தட்டிக்கிட்டே இருக்காங்க, நாம ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லன்னு அவளே நம்பிட்டா, அவ்ளோ சத்தமா பேசுறதே அதை மறைக்கத்தான். டாக்டரோட சுத்தினப்பதான் நமக்கும் ஒரு மதிப்பு இருக்குன்னு தோண ஆரம்பிக்குது. இரக்கப்பட ஞாபகம் தேவையில்ல, ஆனா தன் மேல நம்பிக்கை வர்றதுக்கு நான் இதைச் செஞ்சேன்னு சொல்லிக்க ஏதாவது வேணும்ல, டாக்டர் அழிச்சது அதைத்தான். டாக்டரோட டைம் லார்ட் இனத்து அறிவு இவ மூளைக்குள்ள வந்துடுச்சு, அதை மனுஷ உடம்பு தாங்காது, விட்டா செத்துடுவா, காரணம் எல்லாம் புரியுது, ஆனா அவ வேணாம் வேணாம்னு கெஞ்சக் கெஞ்ச அழிச்சதை என்னால ஏத்துக்கவே முடியலை. கொஞ்ச நேரத்துல அவ சமையல்கட்டுல நின்னு போன்ல வம்பு பேசிக்கிட்டிருக்கா, டாக்டரை யாரோ எவரோன்னு பாக்குறா.

அதுக்கு முன்னாடி சில்வியாகிட்ட டாக்டர் பேசுறதை இன்னொரு தடவை பாருங்க. ஒரு கணம் இந்தப் பிரபஞ்சத்துலயே முக்கியமான பொண்ணு உங்க பொண்ணுதான்னு அவர் சொல்ல, இப்பவும் அவ அப்படித்தான், என் பொண்ணாச்சேங்கிறாங்க அந்தம்மா. அப்ப அதை அவகிட்ட அப்பப்ப சொல்லுங்கங்கிறாரு. எனக்கு அந்த எபிசோடே அதுதான். நான் யாருன்னு அவளால இனி ஞாபகம் வச்சுக்க முடியாது, அதனால கூட இருக்கிறவங்கதான் சொல்லிக்கிட்டே இருக்கணும், ஆனா நடந்ததைச் சொல்லவும் கூடாது, ஞாபகம் வந்தா உயிர் போயிடும்.

இனி வர்றது நீங்க பாக்காத கதை, வேணாம்னா இங்கேயே நிறுத்திடுங்க. அவ கல்யாணத்துக்கு டாக்டர் ஒரு லாட்டரி டிக்கெட் பரிசா குடுத்திருப்பாரு, 2023 ஸ்பெஷல்ல பாத்தா ஜெயிச்ச பணத்தை எல்லாம் தானமா குடுத்துட்டு சாதாரண வீட்லதான் இருக்கா. இரக்கம் அப்படியே இருக்கு. ஆனா ராத்திரி படுத்தா ஏதோ நல்லது ஒண்ணு கைவிட்டுப் போயிடுச்சுன்னு ஒரு ஏக்கம், என்னன்னு மட்டும் தெரியலை. பதினஞ்சு வருஷம் கழிச்சு அவளை அப்படிக் காட்டினதுல ரசல் டி டேவிஸ் நேர்மையா எழுதியிருக்காருன்னு நினைக்கிறேன்.

கேள்வி: நிஜத்துலயும் ஞாபகம் போனப்புறம் உணர்ச்சி மட்டும் நிக்குமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நிக்கும்ங்க. 2010-ல அயோவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மூளையில ஞாபகத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதி பாதிச்சு புது ஞாபகமே தங்காதவங்களுக்கு சோகமான சினிமாக் காட்சிகளைப் போட்டுக் காட்டினாங்க. கொஞ்ச நேரத்துல என்ன பாத்தோம்னே அவங்களுக்குப் பெருசா ஞாபகம் இல்ல, ஆனா சோகம் மட்டும் போகலை. சந்தோஷமான காட்சிகளைக் காட்டினப்பவும் அந்த சந்தோஷம் நின்னுச்சு. அல்சைமர் வந்த பெரியவங்களை, போனாலும் மறந்துடுவாங்க, எதுக்குப் போய்ப் பாக்கணும்னு விட்டுடுறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும், நீங்க வந்துட்டுப் போனது மறந்திருக்கும், வந்ததால வந்த சந்தோஷம் இன்னும் கொஞ்ச நேரம் அவங்ககிட்ட இருக்கும்.