ஸ்பெயின் கடற்கரைப் பக்கம் மலைமேல் இருக்கும் வெள்ளை ஊர்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கே போகலாம்? ஒரு பகல் போதுமா?

பெஹேர் தெ லா ஃப்ரொன்தேராவுக்குப் போங்கள். ஒரு பகல் போதாது, ஓர் இரவு தங்குங்கள். பதில் அவ்வளவுதான், மீதியெல்லாம் ஏன் என்பதற்கு.

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்து வெஜர் என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டேன், அந்த அம்மா பாவமாக விழித்தார். பெஹேர் என்று சொல்ல வேண்டும். தெற்கே ஆந்தலூசியாவில், காடிஸ் மாகாணத்தில், அட்லாண்டிக் பக்கம் இருக்கிறது. ஊர் சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஒரு குன்றின் உச்சியில், கடல் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள். எல் பால்மார் கடற்கரை இந்த ஊரைச் சேர்ந்ததுதான். 1805-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் செத்த கடற்போர் நடந்ததே, அந்த டிரஃபால்கர் முனையும் பக்கத்தில்தான்.

நான் போனது ஒரு மே மாதம், காடிஸிலிருந்து பஸ்ஸில். சில பஸ்கள் மேலே ஊருக்குள் போகும், சில கீழே லா பார்கா என்ற இடத்தில் இறக்கிவிட்டு அப்படியே தாரிஃபா பக்கம் போய்விடும். எனக்கு இது தெரியாது. மதியம் இரண்டு மணி, மண்டையைப் பிளக்கும் வெயில், கையில் சக்கரம் ஒன்று ஆடும் பெட்டி, தலைக்கு மேலே வெகு உயரத்தில் நான் தங்க வேண்டிய ஊர். டாக்ஸிக்கு போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் சாலையோரம் நிழலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எதிரே இருந்த பாறைச் சுவரில் ஏதோ அசைந்தது. அண்ணாந்து பார்த்தால் கறுப்பாக, மொட்டைத் தலையும் நீண்டு வளைந்த சிவப்பு அலகுமாக, வரிசையாகப் பறவைகள். மொட்டைத் தலை அரிவாள் மூக்கன். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன இனம். இந்த நூற்றாண்டில்தான் இந்தப் பகுதியில் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள், அவையோ வேறு இடமெல்லாம் இருக்க, லாரி போகும் சாலைக்கு மேலே உள்ள பாறையைப் பிடித்துக்கொண்டு கூடு கட்டிவிட்டன. ஒரு கால் மணி நேரம் பெட்டியை மறந்து நின்றேன். அப்புறம் அதை இழுத்துக்கொண்டு மேலே ஏறி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

மேலே போனால் ஊரே செத்துக் கிடந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் நாலு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டார்கள், இனி எட்டரைக்குத்தான் என்றார்கள். கேமராவும் தொப்பியுமாக என்னைப் போலவே இருபது முப்பது பேர் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே கண் கூசக் கூச நடந்து, ப்ளாசா தெ எஸ்பான்யாவில் பீங்கான் தவளைகள் வாயிலிருந்து தண்ணீர் கொப்பளிக்கும் ஊற்றுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டு ஐந்து ஐந்தரைக்குக் கிளம்பிப் போனார்கள். ஒரு பகல் போதாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். வெளியூர்க்காரர் வந்து போகும் நேரமும் ஊர் தூங்கும் நேரமும் ஒன்றாக இருக்கிறது. அன்றைக்கு நானும் திரும்பியிருந்தால், "அழகுதான், ஆனால் வெறும் செட் மாதிரி இருக்கிறது" என்று இங்கே எழுதியிருப்பேன்.

ஏழு மணிக்கு மேல் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மே மாதத்தில் அங்கே இருட்டவே ஒன்பது மணி தாண்டிவிடும், அதனால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அந்த ஊர் வீடுகளுக்கு முகம் தெருவில் இல்லை, உள்ளே முற்றத்தில் இருக்கிறது. தெருப் பக்கம் வெறும் வெள்ளைச் சுவரும் ஒரு கதவும்தான். கதவு திறந்தால் உள்ளே நடு முற்றம், சுவர் முழுக்க ஜெரேனியத் தொட்டிகள், மாடிப்படி, கொடியில் துணி. சில முற்றங்களைச் சுற்றி நாலைந்து குடும்பங்கள் இருக்கின்றன, தண்ணீர் ஊற்றுவதில் யார் முறை என்று சத்தம்கூடக் கேட்டது. தெரியாத வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் காஸா தெல் மயோராஸ்கோ என்ற 18-ஆம் நூற்றாண்டு வீட்டுக்குப் போங்கள், உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு முற்றத்தைப் பார்க்கலாம், அதை ஒட்டிய கோட்டைக் கொத்தளத்தின் மேலும் ஏறலாம்.

ஒரு சந்தில் ஒரு பாட்டி மூங்கில் போன்ற நாணற்கழி ஒன்றின் நுனியில் பிரஷ்ஷைக் கட்டி வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெயர்ந்திருந்த ஒரு மூலையைத் தொட்டுப் பார்த்தேன். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வந்தது, எத்தனை வருடத்துச் சுண்ணாம்போ. அந்த ஊரில் எந்தச் சுவருக்கும் கூர்மையான விளிம்பு இல்லாமல் எல்லாம் மொழுமொழுவென்று இருப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பெயின்ட் அடித்தால் சுலபம்தானே என்று என் அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன். பெயின்ட் அடித்த சுவர் மூச்சு விடாது, ஈரம் உள்ளேயே நிற்கும் என்று சொல்லிவிட்டு, என் சட்டையில் தெறித்ததைப் பற்றிக் கவலைப்படாமல் வேலையைப் பார்த்தார்.

பெயரில் உள்ள ஃப்ரொன்தேரா என்றால் எல்லை. 1250 வாக்கில் முஸ்லிம்களிடமிருந்து காஸ்டில் என்ற கிறிஸ்தவ அரசின் மன்னர்கள் கைக்குப் போன பிறகு, எதிரே கிரானடாவின் முஸ்லிம் அரசு, கடலுக்கு அந்தப் பக்கம் மொராக்கோ என்று இரண்டுக்கும் முகம் கொடுத்துக்கொண்டு இருந்த ஊர். கோட்டைச் சுவரில் நாலு வாசல், அதில் ஒன்றுக்குப் பெயரே மூடிய வாசல். கடற்கொள்ளைக்காரர் பயத்தில் அதைச் சாத்தியே வைத்திருந்தார்களாம். வானம் தெளிவாக இருந்தால் மொராக்கோ மலைகள் தெரியும், அதனால் அந்தப் பயத்தைப் புரிந்துகொள்வது ஒன்றும் கஷ்டமில்லை.

போக்குவரத்து இரண்டு பக்கமும்தான் இருந்திருக்கிறது. மொராக்கோவில் நீல ஊர் என்று எல்லோரும் போட்டோ போடும் ஷெஃப்ஷாவென் இருக்கிறதே, 1471-ல் அதை நிறுவிய தலைவரின் மனைவி இந்த ஊர்ப் பெண் என்றும், அவளுக்குப் பிறந்த ஊர் ஏக்கம் வரக்கூடாது என்று இதே சாயலில் அதைக் கட்டினார் என்றும் சொல்வார்கள். பின்னாளில் மொராக்கோவின் தெத்துவான் நகரை ஆண்டு, கடலில் ஸ்பானியருக்கும் போர்ச்சுகீசியருக்கும் தண்ணி காட்டிய சய்யிதா அல் ஹுர்ரா இந்தத் தம்பதியின் மகள்தான்.

பார்வை மேடையில் ஒரு பெண் சிலை இருக்கிறது. உடம்பு முழுக்கக் கறுப்புப் போர்வை, ஒரே ஒரு கண் மட்டும் வெளியே. கோபிஹாதா என்பார்கள். பார்க்கிற எல்லோரும் (நானும்தான்) இஸ்லாமிய உடை என்றே நினைக்கிறார்கள், ஆனால் அது காஸ்டில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் போட்ட பழைய உடை என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. 1930-களில் தடை செய்தார்கள், உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியாதல்லவா. இப்போது ஆகஸ்ட் திருவிழாவில் மட்டும் போடுகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோட்டையோ சர்ச்சோ இல்லை, ஒரு பாரில் பக்கத்து மேசைக்காரர் சொன்ன நிலக் குலுக்கல். ஊரைச் சுற்றி ஊர்ப் பொது வயல்கள் இருக்கின்றன, அதிர்ஷ்ட வயல்கள் என்று பெயர். நாலு வருடத்திற்கு ஒரு முறை ஊர்க்காரர் பெயர்களைக் குலுக்கிப் போடுகிறார்கள். பெயர் வந்தவருக்கு அந்த வயலின் குத்தகைப் பணம் அடுத்த நாலு வருடம். 16-ஆம் நூற்றாண்டில் மெதீனா சிதோனியா பிரபு இந்த நிலங்களை வளைக்கப் பார்த்தபோது ஹுவான் ரெலிங்கே என்ற ஊர்க்காரர் கோர்ட்டுக்குப் போனார், வழக்கு பல பத்தாண்டு இழுத்தது, இன்றும் குலுக்கல் நடக்கிறது. பக்கத்து மேசைக்காரருக்கு வயது எழுபது இருக்கும். இதுவரை ஒரு முறைகூட விழவில்லையாம், மச்சானுக்கு இரண்டு முறை விழுந்துவிட்டது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

சாப்பாடு: ஏப்ரல் முதல் ஜூன் வரை சூரை மீன் காலம், பக்கத்துக் கடலில் அல்மத்ராபா என்று பெரிய வலைக்கட்டு போட்டுப் பிடிக்கிறார்கள், அந்த மாதங்களில் போனால் விடாதீர்கள். கொழுப்பில் வதக்கிய பன்றி இறைச்சியை ரொட்டியில் வைத்துத் தருவார்கள், லா பார்காவில் அதற்கென்றே வண்டியை நிறுத்துகிறார்கள். சைவம் என்றால் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த கறி பிழைக்க வைக்கும், ஆனால் சாலட் என்று கேட்டாலும் மேலே சூரை மீனைத் தூவிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லெவாந்தே என்ற கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் தொப்பி நிற்காது, பேச்சும் கேட்காது, எல் பால்மாரில் மணல் முகத்தில் அறையும். அந்த நாளில் கடலை விட்டுவிட்டு ஊர்ச் சந்துகளுக்குள் புகுந்துகொள்ளுங்கள். தெருவெல்லாம் வழவழப்பான கல், செருப்புக்கு அடியில் பிடிமானம் வேண்டும்.

பஸ் ஏறும்போது டிரைவரிடம் மேலேயா கீழேயா என்று கேட்டுவிடுங்கள். அர்ரீபா என்றால் மேலே. அபாஹோ என்று சொன்னால் லா பார்காதான், இறங்கியதும் முதலில் எதிர்ப் பாறையைப் பாருங்கள், டாக்ஸியை அப்புறம் தேடலாம்.