ஏ + பி·சி: அட்டவணையின் இரு பக்கமும் பொருந்தாதது ஏன்?

கேள்வி: ஏ + பி·சி = (ஏ + பி)·(ஏ + சி) என்பதை மெய்மை அட்டவணை போட்டு நிறுவ வேண்டும். எனக்கு இடப்பக்கம் மேலிருந்து கீழாக 0, 0, 0, 1, 0, 1, 0, 1 என்றும், வலப்பக்கம் 0, 0, 0, 1, 1, 1, 1, 1 என்றும் வருகிறது. பிழை எங்கே? இன்னொரு சந்தேகம்: எண்களைப் போட்டுப் பார்ப்பது வெறும் சரிபார்த்தல்தானே, அது எப்படி நிரூபணம் ஆகும்?

பதில்: உங்கள் வலப்பக்கம் சரி. இடப்பக்கத்தில் இருப்பவை (ஏ + பி)·சி என்ற வேறொரு கோவையின் மதிப்புகள். பூலியன் இயற்கணிதத்திலும் (இங்கே + என்பது ‘அல்லது’, · என்பது ‘மற்றும்’) அடைப்புக்குறி இல்லாத இடத்தில் முதலில் நிரப்பி (0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றுவது; ஏ′ என்று எழுதுவோம்), அடுத்து பெருக்கல், கடைசியில்தான் கூட்டல். 5ஆம் நிரையைப் பாருங்கள்: ஏ = 1, பி = 0, சி = 0. முதலில் பி·சி = 0, பிறகு 1 + 0 = 1. நீங்கள் இடமிருந்து வலமாகப் போய் 1 + 0 = 1 என்று கூட்டிவிட்டு, அதை 0-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். 7ஆம் நிரையிலும் இதேதான் நடந்திருக்கிறது. ஏ = 1, சி = 0 ஆகும் அந்த இரண்டு நிரைகளில் மட்டுமே இரு கோவைகளும் வேறுபடும்; அதனால் மற்ற ஆறிலும் பிழை வெளியே தெரியவில்லை.

இதைத் தவிர்க்க ஒவ்வொரு செயலுக்கும் தனி நிரல் போடுங்கள். மனக்கணக்காகப் போட்டு விடையை மட்டும் எழுதும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன.

| ஏ | பி | சி | பி·சி | ஏ + பி·சி | ஏ + பி | ஏ + சி | (ஏ + பி)·(ஏ + சி) |
|---|---|---|---|---|---|---|---|
| 0 | 0 | 0 | 0 | 0 | 0 | 0 | 0 |
| 0 | 0 | 1 | 0 | 0 | 0 | 1 | 0 |
| 0 | 1 | 0 | 0 | 0 | 1 | 0 | 0 |
| 0 | 1 | 1 | 1 | 1 | 1 | 1 | 1 |
| 1 | 0 | 0 | 0 | 1 | 1 | 1 | 1 |
| 1 | 0 | 1 | 0 | 1 | 1 | 1 | 1 |
| 1 | 1 | 0 | 0 | 1 | 1 | 1 | 1 |
| 1 | 1 | 1 | 1 | 1 | 1 | 1 | 1 |

முதல் மூன்று நிரல்களை யோசித்து நிரப்ப வேண்டாம். சி-க்கு 0, 1 மாறி மாறி; பி-க்கு இரண்டிரண்டாக; ஏ-க்கு நான்கு 0, நான்கு 1. எந்த நிரையும் விடுபடாது, இரட்டிக்கவும் செய்யாது. பிறகு ஒரு நிரலை எடுத்தால் அதை மேலிருந்து கீழ்வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 5ஆம் நிரலும் 8ஆம் நிரலும் நிரைக்கு நிரை ஒத்திருக்கின்றன என்று கடைசியில் ஒரு வரி எழுதினால்தான் விடை முழுமையாகும். இரண்டிலும் ஐந்து 1-கள் இருக்கின்றன என்று எண்ணிக்கையை மட்டும் காட்டினால் போதாது. ஏ நிரலிலும் பி நிரலிலும் நான்கு 1-கள்தான்; அதற்காக ஏ = பி ஆகிவிடுமா?

இரண்டாவது சந்தேகம் நியாயமானது. சாதாரண இயற்கணிதத்தில் மாறிக்கு எண்ணற்ற மதிப்புகள் உண்டு; பத்து மதிப்புகளைப் போட்டுப் பார்த்து எதையும் நிறுவிவிட முடியாது. இங்கே மாறிக்கு 0, 1 இரண்டே மதிப்பு. மூன்று மாறிகளுக்கு 2 × 2 × 2 = 8 சேர்க்கைகள்; எட்டையும் பார்த்தாயிற்று, ஒன்பதாவது கிடையாது. ஒன்றும் மிச்சமில்லாமல் பார்த்துவிட்டதால் அது நிரூபணம். 0, 1 இரண்டில் உண்மையாகும் முற்றொருமை எல்லாப் பூலியன் இயற்கணிதங்களிலும் உண்மை என்பதும் நிறுவப்பட்ட தேற்றம். ஆகவே கணங்களின் சேர்ப்பு, வெட்டு ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும்.

பொய் என்று காட்டுவது இன்னும் சுலபம், ஒரே நிரை போதும். டி மார்கன் விதியை (ஏ + பி)′ = ஏ′ + பி′ என்று தவறாக எழுதுவது அடிக்கடி நடக்கிறது. ஏ = 0, பி = 1 என்று போடுங்கள்: இடப்பக்கம் 1′ = 0, வலப்பக்கம் 1 + 0 = 1. சரியான வடிவம் ஏ′·பி′. நிரப்பிக்கு ′ குறிக்குப் பதிலாக மேற்கோடு போடும் வழக்கமுள்ளவர்கள் கோடு இரண்டு எழுத்துக்கும் சேர்த்து நீள்கிறதா, தனித்தனியா என்று பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் ஏ + பி-க்கு முதலில் ஒரு நிரல், அதன் நிரப்பிக்கு அடுத்த நிரல்.

1 + 1 = 1 என்பதை நினைவில் வையுங்கள்; 2 அல்ல, இருமக் கூட்டலின் 10-உம் அல்ல. ஏ + பி = ஏ + சி என்றால் ஏ-யை இருபக்கமும் நீக்கி பி = சி என்று சொல்லவும் முடியாது: ஏ = 1 ஆனால் பி, சி எதுவானாலும் இரு பக்கமும் 1. ஏ + ஏ·பி = ஏ போன்றவற்றில் வலப்பக்கத்தில் பி இல்லையே என்று இரண்டு நிரையோடு நிறுத்திவிடாதீர்கள். இரு பக்கமும் சேர்த்து எத்தனை மாறிகளோ, அத்தனைக்கும் நிரை வேண்டும், இங்கே நான்கு.

நான்கு மாறிகள், 16 நிரைகள் வரை கையால் எழுதலாம். ஐந்துக்கு 32, ஆறுக்கு 64. அங்கே விதிகளைக் கொண்டு சுருக்குவதுதான் உசிதம். உங்கள் கணக்கையே அப்படிச் செய்தால் மூன்று வரி: வலப்பக்கத்தை விரித்தால் ஏ·ஏ + ஏ·சி + ஏ·பி + பி·சி; ஏ·ஏ = ஏ என்பதால் ஏ·(1 + சி + பி) + பி·சி; அடைப்புக்குள் இருப்பது 1, மிஞ்சுவது ஏ + பி·சி. மின்சுற்று அமைக்கும்போது இடப்பக்கத்துக்கு ஒரு ஆண்ட் கேட் (பெருக்கலைச் செய்வது), ஒரு ஆர் கேட் (கூட்டலைச் செய்வது) போதும். வலப்பக்கத்துக்கு இரண்டு ஆர், ஒரு ஆண்ட் வேண்டும்.